ஆளில்லாத் துறைமுகம்: மத்ராக்சி நஸூஹின் நீர்வண்ணச் சித்திரங்கள்

இஸ்லாமியக் கலையைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை இரண்டு கருத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன. உயிருள்ளவற்றின் உருவத்தை மார்க்கம் தடுத்தது என்பது ஒன்று. ஆகவே முஸ்லிம் கலைஞர்கள் எழுத்தணியிலும் கொடிக்கோலத்திலும் கணித வடிவங்களிலும் தம் ஆற்றலைச் செலுத்தினர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரண்டை மட்டும் துணையாகக் கொண்டு ஓர் ஓவியத்தின் முன் நிற்பவர், அதனைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதி முடித்தவராகிவிடுகிறார். ஓவியத்தில் ஆள் இருந்தால் அது விதிவிலக்கு. ஆள் இல்லாவிட்டால் அது விதிக்கு எடுத்துக்காட்டு. அதற்கு மேல் கேட்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு நீர்வண்ணம் கற்பிக்கப்படும் இடங்களிலும் இந்த மனப்பாங்கின் நிழலைக் காணலாம். குன்று, ஈச்சமரம், பள்ளிவாசலின் குவிமாடம், துறைமுகத்தில் நிற்கும் படகுகள் ஆகியவை தயக்கமின்றி வழங்கப்படும் தலைப்புகள். அவற்றுள் துறைமுகமே மாணவர் பெரிதும் விரும்புவது. நீரின் அசைவும் பாய்மரங்களின் நெடுக்கும் கலங்களின் வளைவும் தூரிகைக்கு இன்பம் தருவன. அதில் உயிருள்ள உருவம் எதுவும் இல்லை. எனவே அது ஐயத்திற்கு இடமற்ற பொருள் என்று கொள்ளப்படுகிறது. சட்ட நோக்கில் இது சரியே. ஆனால் துறைமுகம் என்பது மனிதர் வருவதற்கும் போவதற்கும் மனிதர் அமைத்த இடம். அதிலிருந்து மனிதரை நீக்கிவிட்டு வரையும்போது ஓவியத்திற்கு என்ன நேர்கிறது? இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான சான்று, 16ஆம் நூற்றாண்டின் உதுமானியச் சித்திரக்காரரான மத்ராக்சி நஸூஹ் வரைந்த துறைமுகக் காட்சிகளே.

சட்டத்தின் எல்லை

முதலில் ஃபிக்ஹின் நிலையைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் நலம். உருவம் வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை அவர்கள் எடுத்துரைத்தபோது அம்மனிதரின் முகம் வெளிறிப் போயிற்று. அந்நிலையில், வரைந்தே தீரவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்ற பிறவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மரம், ஒட்டகச் சேணம் முதலியவற்றை வரைவது ஹராம் அன்று எனத் தெளிவுபடுத்துகிறார்கள். கனி தரும் மரத்தை வரைவதை இமாம் முஜாஹித் (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள் என்ற மாற்றுக் கருத்தையும் அவர்கள் குறிப்பிடாமல் விடவில்லை. சேணம் ஆகுமெனில் கப்பலும் ஆகும். ஒன்று பாலையின் ஊர்தி, மற்றொன்று கடலின் ஊர்தி.

அரண்மனைச் சித்திரக்காரர்களின் வழக்கத்திலிருந்து மார்க்கச் சட்டத்தைப் பெறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. சுல்தான்கள் வரையச் செய்தவை யாவும் உலமாக்கள் ஒப்பியவை அல்ல. இங்கு நாம் கேட்பது வேறு. ஒரு குறிப்பிட்ட ஓவியர் மனிதரை வரையாமல் விட்டதற்குச் சட்டம்தான் காரணமா? அல்லவெனில் வேறு எது?

வாஸிதியின் கப்பல்

நஸூஹுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு அரபு மொழிச் சுவடி ஒன்றில் வரையப்பட்ட கப்பலை முதலில் காண்போம். பஸராவைச் சேர்ந்த ஹரீரியின் (மறைவு ஹிஜ்ரி 516 / கி.பி. 1122) ‘மகாமாத்’ தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் நூல். சொல்வளத்திற்காகவும் எதுகை நடைக்காகவும் அதனை நாம் கற்பிக்கிறோம். அந்நூலை அழகிய சித்திரங்களுடன் எழுதிய ஒரு மரபே இருந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியாமலேயே பட்டம் பெற்றுச் செல்கின்றனர். அம்மரபின் சிகரமாகத் திகழ்வது ஹிஜ்ரி 634, ரமளான் மாதத்தில் (கி.பி. 1237) யஹ்யா இப்னு மஹ்மூத் அல்-வாஸிதீ எழுதி முடித்த சுவடி. எழுத்தும் ஓவியமும் அவருடையவையே. பாரிஸிலுள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தில் ‘அரபு 5847’ என்னும் எண்ணில் அது பாதுகாக்கப்படுகிறது. 99 சித்திரங்கள் அதில் உள்ளன.

39ஆவது மகாமாவான ‘அல்-உமானிய்யா’ கடற்பயணக் கதை. ஹாரிஸ் இப்னு ஹம்மாம் ஓமானின் ஸுஹாரை நோக்கிக் கலமேறுகிறான். கரையிலிருந்து ஒருவர் தம்மையும் ஏற்றிக்கொள்ளுமாறு வேண்டுகிறார். கடற்பயணத்திற்குக் காவலான துஆ தம்மிடம் உண்டு எனவும் கூறுகிறார். அவர் வேறு யாருமல்லர். நம் பழைய நண்பர் அபூஸைதுதான். பின்னர் புயலும், தீவில் ஒதுங்குதலும், அங்கே பேறுகாலத் துன்பத்திலிருக்கும் பெண்ணுக்கு அவர் எழுதித் தரும் தாயத்தும் எனக் கதை விரிகிறது.

வாஸிதீ அக்கலத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி ஏடு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டார். மேல்தளத்தில் மாலுமிகள் தத்தம் வேலையில் இருக்கின்றனர். கீழே வட்டச் சாளரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பயணி வெளியே நோக்குகிறார். பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருப்பதை ஓவியர் மறக்கவில்லை. ஆணியின்றிக் கலம் தைக்கும் அத்தொழில் இந்தியப் பெருங்கடலின் பொதுச் சொத்து. சென்னைக் கடற்கரையில் அலை கடந்து ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகும் அவ்வாறு தைக்கப்பட்டதே. கடல் வரலாற்றாசிரியர்கள் இச்சித்திரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்வதற்கு இத்தகைய நுட்பமே காரணம்.

ஆயினும் இச்சித்திரத்தின் உயிர் பலகையில் இல்லை. சாளரங்களிலுள்ள முகங்களில் இருக்கிறது. கடலை நம்பி ஏறியவர்களின் நிச்சயமின்மை அவற்றில் தெரிகிறது. இங்கு ஒரு குர்ஆனியக் கருத்தை நினைவூட்டுவது பொருந்தும். அல்பகரா அத்தியாயம் (2:164) கப்பலை இறைச்சான்றுகளுள் ஒன்றாக எண்ணும்போது மனிதருக்குப் பயன்தருவனவற்றைச் சுமந்து செல்வதாகவே அதனைக் குறிக்கிறது. அல்அன்கபூத் அத்தியாயம் (29:65) கப்பலில் ஏறியோர் கலப்பற்ற உள்ளத்துடன் இறைவனை அழைப்பதையும், கரை சேர்ந்தபின் மறப்பதையும் சுட்டுகிறது. குர்ஆனின் இவ்விடங்களில் கப்பல் மனிதனின் தேவையோடும் அச்சத்தோடும் நன்றிகேட்டோடும் பிணைந்தே வருகிறது. வாஸிதீ இவ்வசனங்களை எண்ணி வரைந்தார் என்று கூற இயலாது. ஆயினும் அவருடைய கப்பல் அந்தப் பொருளுலகுக்கு அருகில் நிற்கிறது.

கணக்கறிந்தவரின் தூரிகை

நஸூஹ் முற்றிலும் வேறு வகையான மனிதர். பொஸ்னிய மரபினரான அவர் உதுமானிய அரண்மனையில் பயிற்சி பெற்றவர். ‘மத்ராக்’ என்னும் தடி விளையாட்டில் வல்லவராதலால் ‘மத்ராக்சி’ எனப் பெயர் பெற்றார். 1517இல் கணித நூல் ஒன்றை எழுதி சுல்தான் முதலாம் ஸலீமுக்குக் காணிக்கையாக்கினார். வாட்போர்க் கலை பற்றி நூலியற்றினார். இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் பெரு வரலாற்றைத் துருக்கியில் பெயர்த்தார். 1564இல் மறைந்தார். கணிதம், போர், வரலாறு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கைகள் தூரிகை பிடித்தபோது விளைந்ததே அவருடைய ஓவியம்.

அவருடைய முதற்பெரும் சித்திர நூல், சுல்தான் சுலைமான் 1534 முதல் 1536 வரை நடத்திய இராக் படையெடுப்பின் தங்குமிடங்களை வரிசையாகக் காட்டுவது. ஹிஜ்ரி 944இல் (கி.பி. 1537) நிறைவுற்ற அந்நூல் இஸ்தன்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்கள் உண்டு. அவற்றுள் இரு பக்கங்களில் விரியும் இஸ்தன்பூல் நகரக் காட்சி புகழ்பெற்றது. ஒருபுறம் கலாத்தா, மறுபுறம் கோட்டைக்குட்பட்ட மாநகர், இடையே பொற்கொம்பு எனப்படும் கழிமுகத்தில் கலங்கள். அயா சோஃபியாவையும் ஃபாத்திஹ் பள்ளிவாசலையும் குதிரைப் பந்தயத் திடலையும் இன்றும் அதில் விரல்வைத்துக் காட்டலாம். சுலைமானிய்யாப் பள்ளிவாசல் அதில் இல்லை; ஏனெனில் அதன் கட்டுமானம் தொடங்கியது 1550இல்தான். ஓவியம் இத்துணைத் துல்லியமான சான்றாக அமைவது அரிது.

இவருடைய நீர்வண்ணத்தை இன்று பள்ளிகளில் பழகும் நீர்வண்ணத்தோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. இரண்டிலும் நிறப்பொடி நீரிலும் பிசினிலும் கரைவதே அடிப்படை. ஆனால் ஐரோப்பிய முறையில் வண்ணம் ஒளி ஊடுருவுமாறு மெல்லிதாகப் பரவுகிறது; தாளின் வெண்மையே ஒளியாகி நிற்கிறது. இஸ்லாமியச் சுவடி ஓவியத்தில் தாளுக்கு முதலில் மாக்கஞ்சியோ, படிகாரம் கலந்த முட்டை வெண்கருவோ பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். அதன்மேல் நீலக்கல்லாகிய லாஜ்வர்து, சாதிலிங்கம், அரிதாரம், செம்புக் களிம்பு, ஈய வெள்ளை ஆகியவற்றைத் தடித்த பூச்சாக இடுவர். தாள் மறைந்துவிடும், ஒவ்வொரு நிறமும் தனித்து நிற்கும். நீரைக் காட்ட வெள்ளிப் பொடி இடுவதும் அக்கால வழக்கம். காலப்போக்கில் அவ்வெள்ளி கறுத்துப்போவதால், மின்னிய நீர்நிலைகள் பல இன்று கருநிழலாகக் காட்சியளிக்கின்றன.

பொருள் வேறுபாட்டைவிட முக்கியமானது பார்வை வேறுபாடு. ஐரோப்பிய முறையில் துறைமுகம் வரைபவர் ஓரிடத்தில் நிற்கிறார். ஒரு பொழுதைத் தேர்கிறார். படகின் நிறத்தை ஈரத் தூரிகையால் கீழே இழுத்து நீரில் அதன் பிரதிபலிப்பைக் காட்டுகிறார். பிரதிபலிப்பு என்பது ஒரு கணத்தின் முத்திரை. காற்று எழுந்தால் அது கலைந்துபோகும். நஸூஹின் நீரில் பிரதிபலிப்பு இல்லை. கட்டடங்களுக்கு நிழல் இல்லை. கடற்கரையை வானிலிருந்து பார்ப்பதுபோல் வளைத்துக் காட்டுகிறார். வீடுகளை எதிரே நின்று பார்ப்பதுபோல் நிமிர்த்துகிறார். கப்பலைப் பக்கத்திலிருந்து காட்டுகிறார். ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் நன்கு அறியப்படுமோ அந்தக் கோணத்திலேயே வைக்கப்படுகிறது. இதனைத் திறமைக் குறைவு எனக் கொள்வோர் வரைபடத்தைப் பார்த்து ‘இதில் சூரியன் எங்கே?’ என்று கேட்பவரை ஒப்பர்.

உண்மையில் வரைபடமே இவருடைய ஓவியத்தின் நெருங்கிய உறவு. கடலோடியான பீரி ரெய்ஸ் 1521இலும், விரிவாக 1526இலும் தொகுத்த ‘கிதாபே பஹ்ரிய்யா’ மத்தியதரைக் கடலின் துறைகளை ஒவ்வொன்றாக வரைந்து, எங்கே நங்கூரமிடலாம், எங்கே பாறை உள்ளது, எங்கே நன்னீர் கிடைக்கும் எனக் கற்பிக்கிறது. அதில் துறைமுகம் கப்பலோட்டிக்கான அறிவு. நஸூஹ் அவ்வறிவை எடுத்துக்கொண்டு சுவடி ஓவியத்தின் நிறச் செல்வத்தால் அணிசெய்கிறார். மத்தியதரைத் துறைமுகங்களை அவர் நேரில் கண்டு வரைந்தாரா, ஐரோப்பிய நகரப் படங்களையும் கடல் வரைபடங்களையும் துணைக்கொண்டாரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அவர் தந்தது ‘இவ்விடம் இவ்வாறு உள்ளது’ என்னும் சாட்சியம்.

துலோன், 1543

அச்சாட்சியத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்படும் இடம் துலோன் துறைமுகக் காட்சி. தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் ‘ஹஸினே 1608’ என்னும் எண்ணிலுள்ள சுவடி, ஏறத்தாழ 1545இல் உருவானது. அதன் ஒரு பகுதி சுலைமானின் 1543ஆம் ஆண்டு ஹங்கேரிப் படையெடுப்பைச் சொல்கிறது. மறுபகுதி அதே ஆண்டில் கைருத்தீன் பார்பரோஸா மேற்கு மத்தியதரைக்குச் செலுத்திய கடற்படையைத் தொடர்கிறது. நீஸ், துலோன், மார்செய், ஜெனோவா ஆகிய துறைமுகங்கள் அதில் சித்திரமாகியுள்ளன.

வரலாற்றுப் பின்னணி இதுவே. ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஐந்தாம் சார்லஸை எதிர்த்த பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா, உதுமானியரோடு உறவு கொண்டிருந்தார். 1543 ஆகஸ்டில் இரு படைகளும் சேர்ந்து நீஸ் நகரை முற்றுகையிட்டன. நகரம் பணிந்தது, அதன் கோட்டை பணியவில்லை. செப்டம்பரில் முற்றுகை கைவிடப்பட்டது. நகரம் கொள்ளைக்கும் தீக்கும் உள்ளாயிற்று. மக்களுள் பலர் சிறைபிடிக்கப்பட்டனர். குளிர்காலம் நெருங்கவே, நூற்றுக்கும் மேற்பட்ட துடுப்புக் கப்பல்களைக் கொண்ட அப்படை தங்குவதற்குத் துலோன் துறைமுகத்தைப் பிரெஞ்சு மன்னர் ஒதுக்கினார். நகர மக்களுள் பெரும்பாலோரை வெளியேறுமாறு அவரே ஆணையிட்டார். அந்நகரின் பேராலயம் அம்மாதங்களில் தொழுமிடமாயிற்று என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1544 மே மாதத்தில்தான் படை புறப்பட்டது.

நஸூஹின் சித்திரத்தில் இவற்றுள் காண்பது எது? மதிலும் கோபுரமும் கூரைகளும் நெருங்கிய நகரம். அதன் முன்னே விரியும் குடாவில் அணியணியாக நிற்கும் கலங்கள். அமைதியும் ஒழுங்கும் நிறைந்த அழகிய படம். ஒரு மனிதன்கூட அதில் இல்லை.

இதில் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. இவர் வரைந்த எல்லா நகரங்களும் ஆளற்றவை. இஸ்தன்பூலும் ஆளற்றதே, ஆனால் உண்மை இஸ்தன்பூல் அன்று மக்கள் நிரம்பி வழிந்தது. துலோனோ உண்மையிலேயே தன் மக்களை இழந்திருந்தது. மரபின் வெறுமையும் வரலாற்றின் வெறுமையும் அந்த ஏட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன. பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு குளிர்காலத்தில் வெளியேறிய குடும்பத்தின் கூரையும், எப்போதும்போல் வாழ்ந்த குடும்பத்தின் கூரையும் ஒரே சிவப்பில்தான் தீட்டப்படும்.

கலங்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். துடுப்புக் கப்பல் என்பது மனிதத் தோள்களால் ஓடுவது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் துடுப்பு வலித்தனர். அவர்களுள் கூலிக்கு வந்தோரும் உண்டு. குற்றவாளிகளும், விலங்கிடப்பட்ட போர்க் கைதிகளும் உண்டு. கிறித்தவக் கடற்படைகளில் முஸ்லிம் கைதிகள் அவ்வாறே துடுப்பில் பிணைக்கப்பட்டிருந்தனர். எத்தரப்பாயினும் அக்கலத்தை ஓடச்செய்தவை அந்தக் கைகளே. ஓவியத்தில் கலம் இருக்கிறது, கைகள் இல்லை.

மார்க்கத் தடையா காரணம்?

இந்த இடத்தில் நம் பழைய விடை முன்வந்து நிற்கும்: உயிருள்ளவற்றை வரைவதை ஓவியர் பேணுதலாகத் தவிர்த்தார். இவ்விடையை மூன்று சான்றுகள் ஏற்க மறுக்கின்றன.

முதலாவது, நஸூஹின் இராக் பயண நூலிலேயே மான் முதலிய விலங்குகளும் பறவைகளும் நிலக்காட்சிகளின் இடையே வரையப்பட்டுள்ளன. ‘தீ ரூஹ்’ எனப்படும் உயிருள்ளவை பற்றிய சட்டம் மனிதனுக்கும் மானுக்கும் ஒன்றே. பேணுதல் காரணமாயின் மானும் இடம்பெற்றிராது. இரண்டாவது, வாஸிதியின் காலம் முதற்கொண்டு மனிதரை வரைந்த நெடிய சுவடி மரபு ஒன்று அவருக்கு முன்பே இருந்தது. அவர் அறியாத ஒன்றன்று அது. மூன்றாவது, அவர் பணிபுரிந்த அதே அரண்மனையில், அதே சுல்தானின் ஆட்சியில், 1558இல் நிறைவுற்ற ஆரிஃபியின் ‘சுலைமான்நாமா’வில் அமைச்சரும் படைவீரரும் திரள்திரளாகக் காட்சி தருகின்றனர். அதைவிடக் கூர்மையான சான்றும் உண்டு. நிகாரி என்னும் பெயரில் வரைந்த ஹைதர் ரெய்ஸ், கடலோடியாகவும் ஓவியராகவும் விளங்கியவர். அவர் முதிய பார்பரோஸாவின் முகத்தையே வரைந்துள்ளார். படைத்தலைவருக்கு முகம் கிடைத்தது. துடுப்பு வலித்தவருக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே ஆளின்மைக்கான காரணத்தை ஓவிய வகையில் தேட வேண்டும். நஸூஹின் நூல்கள் ‘மன்ஸில்’ எனப்படும் தங்குமிடங்களின் பதிவேடுகள். படை எங்கே தங்கியது, எத்தனைத் தொலைவு சென்றது, எவ்விடம் ஆட்சிக்குள் வந்தது அல்லது எவ்விடம் கடற்படைக்கு இடம் தந்தது என்பவையே அவற்றின் பொருள். சுல்தான் அந்நூலைத் திறக்கும்போது இடங்கள் அவர் கண்முன் விரிகின்றன. இடம் நிலையானது, மக்கள் வந்துபோகும் தன்மையர். பதிவேடு நிலையானதையே பதிகிறது. இது ஒருவகை அறிவு ஒழுக்கம். அதனாலேயே அவ்வோவியங்கள் இன்றும் வரலாற்றாசிரியருக்குப் பயன்படுகின்றன. ஆனால் இது ஆள்வோரின் பார்வையும்கூட. நிலத்தை உடைமையாகக் காணும் கண்ணுக்கு அதில் வாழ்வோர் தெரிவதில்லை.

இதற்காக நஸூஹைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. அவர் எதையும் மறைக்க முயன்றார் என்பதற்குச் சான்றில்லை. தாம் மேற்கொண்ட பணியைத் தலைசிறந்த முறையில் செய்தார். சித்திரம் சொல்லாததை அறிந்துகொண்டு அதனைப் பார்ப்பது பார்வையாளராகிய நம் கடமை.

அதே கடற்கரை, வேறு தூரிகைகள்

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே துலோனை வேறொருவர் வரைந்தார். 1753இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி தம் நாட்டுத் துறைமுகங்களை வரையும் பணியை ஜோசப் வேர்னே என்னும் ஓவியருக்கு அளித்தார். 24 ஓவியங்கள் திட்டமிடப்பட்டு 15 நிறைவேறின. அவற்றுள் மூன்று துலோனைக் காட்டுவன. அவை எண்ணெய் வண்ணத்தாலானவை, நீர்வண்ணம் அல்ல. எனினும் ஒப்பீட்டுக்கு அவை இன்றியமையாதவை. ஏனெனில் அவையும் அரசாணையால் பிறந்த பதிவுகளே. அவற்றின் முன்றில்களில் சீமான்களும் சீமாட்டிகளும் வேலையாட்களும் நிறைந்திருக்கின்றனர். ஆள்வோருக்கான பதிவு என்பதாலேயே ஆளில்லாமல் இருக்கவேண்டும் என்பதில்லை என்று இதனால் தெளிவாகிறது. ஆனால் ஆட்கள் இருப்பதனாலேயே உண்மை முழுமையாகிவிடுவதும் இல்லை. வேர்னேயின் மக்கள் செழிப்பான அரசின் அணிகலன்களாக அங்கங்கே நிறுத்தப்பட்டுள்ளனர். 1748 முதல் துலோன் துறைமுகத்தில் தண்டனைக் கைதிகள் விலங்குடன் உழைத்தனர் என்பதை அவ்வோவியங்களின் இனிய வெயில் நமக்கு உணர்த்துவதில்லை.

வேர்னேயை முன்மாதிரியாகக் கொண்டு, 1929 முதல் 1931 வரை போல் சிஞ்ஞாக் பிரெஞ்சுத் துறைமுகங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். 1907இல் இஸ்தன்பூலுக்கு வந்து நஸூஹின் அதே பொற்கொம்பைத் தீட்டியவரும் அவரே. காஸ்தோன் லெவி என்னும் புரவலரின் ஆதரவில் ஏறத்தாழ 100 துறைமுகங்களைச் சுற்றிவந்து, ஒவ்வொன்றிலும் ஒன்று புரவலருக்கும் ஒன்று தமக்குமாக வரைந்தார். விரைந்த பென்சில் கோடு. அதன்மேல் ஈரம் காயாத நிறத் தீற்றல். இடையிடையே தொடப்படாமல் விடப்பட்ட வெண்தாள். அவர் நாடியது ஒளியும் அசைவும். அவருடைய படகுகள் ஒரு பொழுதில் மட்டுமே அவ்வாறு இருந்தவை. நஸூஹின் கலங்கள் எப்பொழுதும் அவ்வாறே இருப்பவை. முன்னதில் காலம் உண்டு. பின்னதில் இடம் உண்டு. மனிதனின் துயரம் இரண்டிலும் இல்லை. சிஞ்ஞாக்கின் நூற்றாண்டுக்கும் மார்க்கத் தடைக்கும் எத்தொடர்பும் இல்லை என்பது நம் வாதத்திற்கு மேலும் வலுவூட்டுகிறது. மனிதரைக் காணாமல் துறைமுகத்தைக் காண்பதற்குப் பல வழிகள் உள்ளன. அழகு அவற்றுள் ஒன்று.

நம் வகுப்பறைக்கு

இவற்றிலிருந்து நாம் பெறத்தக்க பயன் இரண்டு.

ஒன்று, இஸ்லாமியக் கலையைக் கற்பிக்கும்போது தடையை முதல் விடையாகவும் இறுதி விடையாகவும் வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அவ்வாறு செய்வதால் மார்க்கச் சட்டத்தின் கண்ணியம் எள்ளளவும் குறையாது. மாறாக, எதற்கெல்லாம் அது காரணமில்லையோ அதையெல்லாம் அதன் தலையில் சுமத்தும் அநீதி நீங்கும். ஹரீரியின் மகாமாத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், 39ஆவது மகாமாவை அடையும்போது வாஸிதியின் கப்பலைப் பற்றி ஒரு சொல் சொல்லலாம். படத்தைக் காட்டுவதில் தயக்கம் கொண்டோர், நஸூஹின் இஸ்தன்பூலையாவது மாணவர்முன் விரிக்கலாம். அரபு, துருக்கிச் சுவடிகள் சொற்களால் மட்டும் ஆனவை அல்ல என்பதை அவர்கள் அறியட்டும்.

மற்றொன்று சற்றுக் கடினமானது. பார்பரோஸாவின் கடற்படை ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் குளிர்காலம் கழித்ததை நம்மில் பலர் பெருமிதத்துடன் பேசுவதுண்டு. அந்தலுஸிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கப்பலேற்றிக் காத்த வரலாறும் பார்பரோஸா சகோதரர்களுக்கு உண்டு. அது நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஆனால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுதல் என்பது கிரனாடாவில் துயரம் எனில் துலோனிலும் துயரமே. ஆணையிட்டவர் பிரெஞ்சு மன்னர் என்பது நம் பொறுப்பைக் குறைக்கலாம். வெளியேறியவர்களின் குளிரைக் குறைக்காது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்னும் குர்ஆனின் கட்டளை (5:8) வரலாற்றைப் படிப்போருக்கும் ஓவியத்தைப் பார்ப்போருக்கும் உரியதே.

துறைமுகமும் படகும் நம் மாணவரின் நீர்வண்ணத் தாளில் தொடர்ந்து இடம்பெறட்டும். அவற்றை வரைவது ஆகுமானது, அழகானதும்கூட. ஆனால் ஆள் இல்லாமலேயே ஆள் இருப்பதை உணர்த்தும் வழிகள் ஓவியனுக்கு உண்டு என்பதையும் ஆசிரியர் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். கயிற்றில் உலரும் ஈர வலை, படகின் விளிம்பில் விடப்பட்ட துடுப்பு, கரை மணலில் பதிந்த காலடி, மூடிய கதவின் முன் கவிழ்ந்து கிடக்கும் கூடை ஆகியவை யாவும் உயிரற்றவையே. அவற்றை வரைவதற்கு எந்தத் தடையுமில்லை. அவற்றுள் ஒன்று நஸூஹின் துலோனில் இடம்பெற்றிருக்குமாயின், அக்கூரைகளின்கீழ் வாழ்ந்தவர்களைப் பற்றி நாம் வரலாற்று நூல்களைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்திராது.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.